செம்பும் களிம்பும்



திருவாசகம் பற்றிய இவ்வுரைத் தொடரிலே சென்ற வாரம் நீத்தல் விண்ணப்பத்தைத் தொட்டுப் பேசியிருந்தேன். மணிவாசகப் பெருமான் தம்மை நாயென்றும் கடையரென்றும் சொல்லிக்கொள்வது தம்மை வெறுத்தலன்று, தம்மை உள்ளபடி ஏற்றுக்கொண்ட ஒருவரின் பேச்சே அது என்று கூறியிருந்தேன். அதனைக் கேட்ட சகோதரி ஒருவர் இரண்டு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்: "என்னுடைய கணவர் குடிப்பவர். குடித்துவிட்டு வந்து, 'நான் இப்படித்தான், என்னைத் திருத்த எவராலும் ஏலாது' என்று சொல்லுவார். நீங்கள் வானொலியிலே சொன்னதும் அவர் வீட்டிலே சொல்வதும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டன. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா, மாஸ்டர்?"

உண்டு என்று உடனே எழுதிவிட முடியும். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறதென்று காட்டாமல் உண்டு என்று மட்டும் சொல்வது, கணக்கின் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் மாணவனின் வேலை. ஆகவே இன்றைய உரை முழுவதும் அந்தச் சகோதரிக்கான பதிலாகவே அமைகிறது. சற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடமிருந்த ஒரு கொப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்திலே படிக்கும் நாட்களில், விடுதி அறைத் தோழர் ஒருவரிடமிருந்து பெஞ்சமின் பிராங்ளினின் சுயசரிதை எனக்குப் படிக்கக் கிடைத்தது. அமெரிக்க அரசியலிலும் விஞ்ஞானத்திலும் பெயர் பெற்ற இவர் 1706இல் பிறந்து 1790இல் மறைந்தவர். இளமையில் இவர் தம்மைக் குற்றமே இல்லாத மனிதராக ஆக்கிக்கொள்ள ஒரு திட்டம் வகுத்தார். நற்குணங்கள் பதின்மூன்றைத் தெரிந்தெடுத்து, சிறு கொப்பி ஒன்றிலே குணத்துக்கு ஒரு பக்கமாக ஒதுக்கினார். சிவப்பு மையினாலே கோடு கீறி, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு நிரல் வகுத்தார். தவறிய நாளில் அந்த நிரலிலே ஒரு கரும்புள்ளி இடுவார். வாரத்துக்கு ஒரு குணம், பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. வியாபாரியின் கணக்கைப்போலத் திருத்தமான ஏற்பாடு.

நானும் கொப்பி ஒன்று வாங்கினேன். பதின்மூன்று எனக்கு மிகுதியாகப் பட்டது. கோபம், பொறாமை, சோம்பல், கடுஞ்சொல், வீண்பேச்சு என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். இரவிலே நித்திரைக்குப் போகுமுன் புள்ளி இடுவேன். படிப்பு முடிந்தது, ஆசிரிய நியமனம் கிடைத்தது, திருமணமும் நடந்தது. புள்ளியிடுவது மட்டும் நிற்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் இட்டேன். ஆண்டுகளுக்குப் பின் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, முதலாம் ஆண்டின் புள்ளிகளும் ஒன்பதாம் ஆண்டின் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நிரல்களில்தான் கிடந்தன. கையெழுத்து மட்டும் கொஞ்சம் திருந்தியிருந்தது.

பிராங்ளின் என்னைவிட நேர்மையானவர் என்றே சொல்லவேண்டும். சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு இடம் தேடிப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி, கடைசியில் தம்முடைய கொப்பியே ஓட்டை விழுந்துபோயிற்று என்று எழுதுகிறார். பின்பு யானைத்தந்த ஏடுகளுக்கு மாற்றிக்கொண்டாராம். ஈரத்தால் துடைத்தால் புள்ளி போய்விடுமல்லவா! பதின்மூன்றாவது குணமாகிய பணிவு முதலில் அவருடைய பட்டியலிலேயே இருக்கவில்லை. உமக்குக் கர்வம் அதிகம் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பின்புதான் அதனைச் சேர்த்தார். அதைப்பற்றி அவர் எழுதும் இடம் கூர்மையானது. கர்வத்தை எவ்வளவு அடக்கினாலும் அது உயிரோடுதான் இருக்கும், அதை முற்றாக வென்றுவிட்டேன் என்று நான் எண்ணினாற்கூட அந்தப் பணிவைப்பற்றியே கர்வப்படுவேன் என்ற கருத்துப்பட எழுதி முடிக்கிறார்.

இந்த ஓரிடத்திலே பிலடெல்பியாவின் அச்சுத்தொழிலாளரும் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியரும் அருகருகே வந்து நிற்கிறார்கள்.

உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டினர். அவருடைய திருவருட்பயன் பத்து அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள், ஆக நூறே குறட்பாக்கள் கொண்ட சிறு நூல். அதன் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலை. ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளைக் காட்டிலும் ஆணவமே கொடிது என்கிறார் ஆசிரியர். காரணத்தைக் கேளுங்கள். இருளானது பொருள்களை மறைக்கும், உண்மைதான். ஆனால் தான் இருப்பதை அது மறைப்பதில்லை. இருட்டறைக்குள் நுழைபவன் 'இருட்டாக இருக்கிறது' என்றாவது அறிவான். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும்.

இதனை எத்தனையோ முறை வகுப்பிலே விளக்கியிருக்கிறேன். பரீட்சைக்கு வரக்கூடிய குறள் என்று அடிக்கோடும் இடுவித்திருக்கிறேன். கொப்பியிலே குற்றங்களைப் பார்த்துப் புள்ளியிடுகிறவன் எவனோ அவனுக்குள்ளேதான் அது ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு விளங்க நெடுநாட் சென்றது. விளங்கவைத்தவன் ஒரு மாணவன்.

அவன் க.பொ.த. உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் படித்தவன். கட்டுரை எழுதினால் வகுப்பிலே அவனுக்கு நிகரில்லை. ஆனால் கொன்னை தட்டும். 'க' வரிசைச் சொற்களிலே வந்து நின்றுவிடுவான். அவ்வாண்டுத் தமிழ்த்தினப் போட்டிக்கு அவனைப் பேச்சாளனாக ஆக்கியே தீருவது என்று நான் முடிவெடுத்தேன். அவன் கேட்கவில்லை, நானேதான் முடிவெடுத்தேன். கிரேக்க நாட்டின் டெமொஸ்தனிஸ் வாயிலே கூழாங்கல்லை இட்டுப் பேசிப் பழகிப் பெரும் பேச்சாளரானார் என்ற கதையை அவனுக்குச் சொன்னேன். கல் மட்டும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாளாந்தம் பாடசாலை விட்டபின் நூலக விறாந்தையிலே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பேசுவித்தேன். திக்கும் ஒவ்வோர் இடத்திலும் கையை உயர்த்துவேன். அவன் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பத்து நாளில் அந்தப் பேச்சின் முதலாவது பந்தி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. இரண்டாவது பந்திக்கு நாங்கள் போகவேயில்லை.

ஒரு மாதம் இப்படிச் சென்றது. ஒருநாள் அவனுடைய தாயார் கல்லூரி வாசலில் நின்றார். "மாஸ்டர், பிள்ளை இப்ப வீட்டிலயும் கதைக்கிறேல்லை. தண்ணி வேணுமெண்டாலும் கையைத்தான் காட்டுறான். முந்தி திக்கித் திக்கியெண்டாலும் கதைச்சுக்கொண்டிருந்தவன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு கொப்பியை எடுத்தேன். அந்த ஒரு மாதத்துப் பக்கத்தைப் பார்த்தேன். சோம்பல் என்ற நிரலில் ஒரு புள்ளியும் இல்லை. நேரம் பாராமல் மாணவனுக்காக உழைத்த நாட்களல்லவா! கடுஞ்சொல் நிரலும் வெறுமைதான். ஏனெனில் ஒரு சொல்லும் கடுமையாக நான் சொல்லவில்லை, கையைத்தான் உயர்த்தினேன். என் ஒன்பது ஆண்டுக் கணக்கிலே ஆகத் திருத்தமான மாதமாக அதுவே பதிவாகியிருந்தது.

கொப்பியை அதன்பின் நான் தொடவில்லை.

இனி சித்தாந்தத்துக்கு வருவோம். ஆணவம் உயிரோடு எப்படி இருக்கிறது என்பதற்குச் சைவ நூல்கள் எடுத்தாளும் உவமைகள் பல. நெல்லுக்கு உமிபோல என்பர், செம்புக்குக் களிம்புபோல என்பர். என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் பூசைச் செம்பைப் பழப்புளியும் சாம்பலும் இட்டு விளக்குவார். சந்திரன்போல மினுங்கும். அடுத்த வெள்ளிக்குள் பச்சை பிடித்துவிடும். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று, செம்பு என்று உண்டோ அன்றே அதனோடு உள்ளது என்பதே உவமையின் உட்பொருள். செம்பு தன்னைத் தானே விளக்கிக்கொள்ள முடியாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இரசகுளிகை பட்டாலொழியச் செம்பு பொன்னாகாது, அருள் பட்டாலொழிய உயிரின் மலம் அடங்காது என்பது நூல்களின் முடிபு.

இதனால் சைவம் முயற்சியை வேண்டாமென்கிறதா? அப்படியன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்த சமயம் முயற்சியை எப்படி வேண்டாமென்னும்? கோயிற் திருமுற்றத்தைக் கூட்டுதலும் பூமாலை தொடுத்தலும் சரியையே. ஆனால் கவனியுங்கள், கூட்டுபவன் கூட்டுவது முற்றத்தை, தன்னையன்று. மெய்கண்டாரின் சிவஞானபோதத்திலே பன்னிரண்டு சூத்திரங்கள். மலம் நீங்கும் வழியைச் சொல்லும் பத்தாம் சூத்திரம், இறைவனோடு ஒன்றி அவன் பணியிலே நிற்பதையே வழியாகக் காட்டுகிறது. உன் குற்றங்களை எண்ணிக்கொண்டிரு என்று அது சொல்லவில்லை. பார்வை தன்மேலிருந்து எடுபடுகிறது. அங்கேதான் வேலை நடக்கிறது.

அதுபோலவே இருவினையொப்பு என்பதும். தீவினை குறைந்து நல்வினை கூடுகின்ற கணக்கு நிலை என்று மாணவர் பலர் இதனைப் பிழையாக எழுதுவதுண்டு. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் மனநிலையே இருவினையொப்பு. தன்னுடைய நல்லதைக் கண்டு துள்ளாமலும் கெட்டதைக் கண்டு சுருண்டுவிடாமலும் நிற்றல். கொப்பியில் புள்ளியே இல்லாத மாதத்தையும் புள்ளி நிறைந்த மாதத்தையும் ஒரே கண்ணால் பார்க்க முடிகிறவனுக்குக் கொப்பி எதற்கு?

மனிதன் தன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்ளும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1961இல் வெளிவந்த தம் நூலிலே எழுதினார். இதனைப் புதிய கண்டுபிடிப்பாகச் சிலர் எடுத்துரைக்கும்போது எனக்குச் சேக்கிழாரே நினைவுக்கு வருகிறார்.

கண்ணப்ப நாயனார் கதையை அறியாத சைவர் இல்லை. திண்ணனார் காளத்தி மலையிலே குடுமித்தேவரைக் கண்டார். கண்டவுடன் அன்பு வந்தது. வேட்டுவத் தொழிலை விட்டுவிட்டு, ஊன் உண்பதை நிறுத்தி, ஆசாரம் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று அவர் திரும்பிப் போகவில்லை. இருந்தபடியே போனார். வாயிலே திருமஞ்சன நீர், தலைமயிரிலே செருகிய பூ, பல்லால் அதுக்கிச் சுவை பார்த்துத் தெரிந்த இறைச்சி. காலையில் சிவகோசரியார் வருகிறார், கண்டு பதைக்கிறார், இடத்தைத் துப்புரவு செய்து ஆகம விதிப்படி பூசிக்கிறார். அவர் போனபின் திண்ணனார் வந்து மீண்டும் இறைச்சியைப் படைக்கிறார். ஐந்து நாட்கள் இவ்வாறு செல்கின்றன. ஆறாம் நாளில் கண்ணிலே குருதி.

இந்தக் கதையிலே நாம் எப்போதும் கண்ணப்பரையே பார்க்கிறோம். அந்தத் தாயார் வந்து போன பின்பு நான் சிவகோசரியாரைப் பார்க்கத் தொடங்கினேன். நல்ல மனிதர். பொய்யில்லாத பக்தர். ஒவ்வொரு காலையும் எலும்பையும் இறைச்சியையும் அகற்றிக் கழுவுகிறார். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது அழுக்கு மட்டுமே. அந்த அழுக்கை இட்டவனுடைய அன்பு அவருக்குத் தெரியவில்லை. சேக்கிழார் அவரைப் பழிக்கவில்லை, நகையாடவுமில்லை. இறைவனும் தண்டிக்கவில்லை. கனவிலே வந்து, அவனுடைய செயலெல்லாம் நமக்கு இனியவை என்று உணர்த்தி, ஒளிந்திருந்து பார் என்கிறார். பார்த்தல்தான் அவருக்குக் கிடைத்த பாடம். நூலக விறாந்தையிலே நானும் நாளாந்தம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒளிந்திருந்து பார்க்கத்தான் தெரியவில்லை.

மணிவாசகர் கண்ணப்பரை நினைக்கும் இடமொன்று திருக்கோத்தும்பியில் வருகிறது. பலரும் பாடிக்கொண்டே கடந்துவிடும் இடம். கண்ணப்பருக்கு இருந்ததுபோன்ற அன்பு தம்மிடம் இல்லை என்பதை இறைவன் கண்டான், கண்ட பின்பும் தம்மை ஆட்கொண்டான் என்பது அதன் கருத்து. எத்தனை பெரிய சொல் இது! நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கண்ணப்பரைப்போல ஆகவேண்டும் என்று ஒரு கொப்பி வாங்கியிருப்போம். மணிவாசகரோ தம்மைக் கண்ணப்பரோடு அளந்து பார்த்தார், குறைந்திருப்பதைக் கண்டார், அதை ஒளிக்காமல் சொன்னார், அதன்பின் அழவில்லை, தும்பியைப் பார்த்து ஊதிப் பாடச் சொன்னார். இல்லாத அன்பை வரவழைத்துக்கொண்டு வா என்று எவரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இவ்விடத்தே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். கண்ணப்பரை இருந்தபடியே ஏற்ற அதே பெரியபுராணத்திலே திருநாளைப்போவாரும் இருக்கிறார். ஆதனூரிலே பிறந்த அவர் தில்லைக்கு வந்தபோது, எரியிலே மூழ்கி வேறு வடிவோடு எழுந்த பின்பே உள்ளே செல்கிறார். இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் தயங்குகிறேன். திருத்தவேண்டியிருந்தது அவரையா, வாசலையா? திருப்புன்கூர்ப் பதிகத்திலே சுந்தரர் நாளைப்போவாரைக் குறிப்பிடுகிறார். சூதாடி, கல்லெறிந்தவர், சிலந்தி, வேடர் என்று இவர்களோடு அவரையும் சேர்த்து, இவர்களிடம் குற்றம் இருப்பினும் அதனையே குணமாகக் கொண்டவனல்லவா நீ என்று நினைந்து உன் திருவடி அடைந்தேன் என்கிறார். அங்கே தீ இல்லை. எமது மண்ணிலேயே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே என்ன நடந்தது என்பதை மூத்த நேயர்கள் அறிவார்கள். 'உன்னை நீ திருத்திக்கொண்டு வா' என்ற சொல் உள்ளேயிருந்து எழுகிறதா, வெளியே நிற்கும் ஒருவர் தம் வசதிக்காகச் சொல்கிறாரா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது வகையை எவரும் தம் தலையில் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இப்பொழுது சகோதரியின் கடிதத்துக்கு வருகிறேன்.

'நான் இப்படித்தான்' என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சித்தாந்தம் உயிர் வேறு, மலம் வேறு என்று கண்டிப்பாகப் பிரிக்கிறது. அநாதியாக ஒட்டியிருந்தாலும் களிம்பு செம்பாகாது, செம்பும் களிம்பாகாது. தம்மை ஏற்பவர், 'நான் செம்பு, என்மேல் களிம்பு இருக்கிறது' என்கிறார். உங்கள் கணவரோ 'நான் களிம்பு' என்கிறார். இது தம்மை ஏற்றல் அன்று. தம்மை மறுத்தல். குடியாத ஒருவர் அவருக்குள் இருக்கிறார் என்பதை அவரே ஒப்புக்கொள்ள மறுக்கிறார். திருந்தாமல் இருப்பதற்கு ஒருவர் சொல்லும் சமாதானமும், தம்மைத் திருத்தித் திருத்திக் கொப்பியில் ஓட்டை விழச்செய்பவரின் பதற்றமும் வெளிக்கு எதிரானவைபோலத் தெரியும். இருவரும் மலத்தையே உயிரென்று பார்க்கிறார்கள். ஒருவர் அதனோடு சமாதானமாகிவிட்டார், மற்றவர் அதனோடு சண்டை பிடிக்கிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு வினைப்பயன் இல்லாமற் போய்விடுவதுமில்லை. இதற்கும் சுந்தரரையே பாருங்கள். இறைவனுக்குத் தோழர். பரவையாரிடம் இறைவனையே தூது அனுப்பியவர். திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு அதை மீறினார், கண்ணிரண்டும் போயின. தோழர் என்பதற்காகக் கண் மிஞ்சவில்லை. கண் போயிற்றே என்பதற்காகத் தோழமையும் போகவில்லை. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியிலே ஒரு கண், திருவாரூரிலே மற்றக் கண். இடைப்பட்ட வழியெல்லாம் தடவித் தடவி நடந்தார், பாடினார், இறைவனோடு கோபித்துக்கொண்டார். சத்தியத்தை மீறியது நான் இப்படிப்பட்டவன் என்பதனாலே என்று அவர் நியாயம் பேசவில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் கணவர் தம்மை ஏற்பது அவருடைய காரியம். அதற்காக நீங்கள் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும் என்று திருவாசகத்திலே எங்கும் இல்லை. அவர் அடிப்பதுண்டா என்று கடிதத்திலே நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், இலக்கியம் பேசுபவனிடம் கேட்டுக்கொண்டிராமல் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். குடியை விடுவதற்கு வைத்தியரின் உதவி வேண்டும். அதை நாடுவது அருளை நம்பாமையன்று. கண்ணிழந்தவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டுதான் திருவாரூருக்குப் போனார்.

அந்த மாணவனைப்பற்றி நேயர்கள் கேட்பீர்கள். தாயார் வந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இனிப் பயிற்சி வேண்டாம். நான் செய்தது பிழை," என்றேன். தலையை ஆட்டினான், பேசவில்லை. அவ்வாண்டு மார்கழியிலே திருவெம்பாவைக் காலம் வந்தது. எங்கள் ஊரிலே விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் படலையடியில் நின்று கேட்டேன். ஒரு பாட்டை ஒற்றைக் குரல் எடுத்தது. எங்குமே தடங்கவில்லை. கொன்னை தட்டுபவர்களிற் பலருக்குப் பாடும்போது அது வருவதில்லை என்று பின்பு அறிந்தேன். அப்போது எனக்கு அது தெரியாது. இருட்டிலே அவன் என்னைக் காணவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவனுக்கு இன்றும் பேச்சு திக்கத்தான் செய்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் தன் கலியாணத்துக்குச் சொல்ல வீட்டுக்கு வந்திருந்தான். 'கலியாணம்' என்ற சொல்லிலே நின்றான். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவனும் அவசரப்படவில்லை. சொல் வந்தது. "சேர், கட்டாயம் வரவேணும்," என்றான். அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லிலும் ஒருதரம் நின்றுதான் வந்தான்.

நேரம் குறைவாக இருக்கிறது. நீத்தல் விண்ணப்பத்தின் கடைசிப் பாட்டைச் சென்ற வாரம் விட்டுவிட்டேன். ஐம்பது பாடல்களிலும், என்னை விட்டுவிடப் போகிறாயா என்று கேட்டுக்கொண்டே வந்த மணிவாசகர், ஐம்பதாவதிலே, உன்னை ஏசினாலும் ஏத்தினாலும் என் பிழைகளை நினைந்து உருகியே நான் சலித்துப்போகிறேன் என்ற கருத்துப்படச் சொல்கிறார். தம் பிழையை எண்ணியெண்ணி அலுத்துப்போதல் அவருக்கும் இருந்தது. உடனே பார்வையைத் திருப்பிவிடுகிறார். சின்னஞ்சிறு உயிர்கள்மேல் இரங்கி நஞ்சை உண்டவனே என்று அவனைப் பார்க்கிறார். பதிகம் அவ்வளவோடு முடிகிறது. பதில் எதுவும் அதில் இல்லை. ஏட்டைப் புரட்டினால் அடுத்து வருவது திருவெம்பாவை. விடியவில்லை, வாசலிலே தோழிகள் நின்று, உள்ளே நித்திரை கொள்பவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

வணக்கம்.